கடைசி அத்தியாயத்தில் ஒரு திருத்தம்

"துடிச்சிட்டிருக்கும்போதே எடுத்தாகணும் சார். நின்னு போனப்புறம் எடுத்தா அதுக்கு அர்த்தமே இல்ல."

எழுத்தாளரம்மா இதைச் சாதாரணக் குரலில்தான் சொன்னார். மருந்துத் தட்டோடு கடந்துபோன நர்ஸ் சட்டென்று நின்று, திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தாள்.

பதிப்பாசிரியருக்குச் சங்கடமாகிவிட்டது. "நாவல் விஷயம்மா," என்று நர்ஸின் முதுகைப் பார்த்துச் சொல்லிவைத்தார்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் அவர்கள் மூன்று பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். எழுத்தாளரின் கணவர், தங்கள் மகனின் சட்டை ஒன்றை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

"பையனை ஐசியூவுல வெச்சிருக்காங்க, அவளால இப்ப பேச முடியாது," என்று நாலு நாளைக்கு முன் போனில் சொன்னவர் அவர்தான். புத்தகம் ஆறு மாதம் தள்ளிப்போனாலும் போகட்டும் என்று பதிப்பாசிரியர் அன்றே முடிவு செய்துவிட்டார். ஆனால் இன்று காலையில் எழுத்தாளரே கூப்பிட்டார். "கடைசி அத்தியாயத்த எடுத்துட்டு வாங்க சார். இன்னைக்கே வந்துடுங்க."

லிஃப்டில் வரும்போது இரண்டு ஊழியர்கள் பேசிக்கொண்டது பதிப்பாசிரியரின் காதில் விழுந்தது. "மத்தியானம் ஹார்ட் கேஸாம். ரோட்டுல சிக்னலை எல்லாம் நிறுத்தி வழி விடப் போறாங்க."

பையனுக்கு என்ன என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பத்தொன்பது வயதுதான் ஆகிறது. எதையும் துருவிக் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நாலாவது மாடியில் இறங்கினார்.

மூன்று வருட உழைப்பு அந்த நாவல். பழைய மெக்சிகோவின் அஸ்டெக் ஜனங்கள் ஓர் இளைஞனைத் தேர்ந்தெடுத்து, ஒரு வருடம் அவனைத் தெய்வமாகவே நடத்தி, புல்லாங்குழல் கற்றுக்கொடுத்து, கடைசி நாளில் மார்பைப் பிளந்து, இதயத்தை எடுத்துச் சூரியனுக்குப் பலியிடுவார்கள். கோயில் படிகளில் ஏறும்போது அவன் தன் புல்லாங்குழல்களை ஒவ்வொன்றாக உடைத்துப்போட்டுக்கொண்டே போவான். எழுத்தாளர் இதை எடுத்து, தானே கற்பனை செய்த ஓர் ஏரி ஊருக்குப் பொருத்தியிருந்தார். சூரியனுக்குப் பதிலாக மழையை வைத்தார். புல்லாங்குழலை மட்டும் விட மனம் வரவில்லை.

வீட்டில் முதல் வாசகன் மகன்தான். "உன் கதையில ஒருத்தனாவது முழுசா வீடு திரும்புறானாம்மா?" என்று கேலி செய்வானாம்.

"சார், பலியாகுற அந்தப் பையனோட அம்மா நம்ம நாவல்ல எங்க வர்றா?"

பதிப்பாசிரியர் யோசித்தார். "எங்கயும் வரலையே மேடம்."

"வரலதான். மூணு வருஷமா எனக்கு அது தோணவே இல்ல பாருங்க. பூசாரிக்குப் பத்துப் பக்கம் குடுத்திருக்கேன். கத்திக்கே ரெண்டு பக்கம் ஆச்சு." கண்ணை மூடிச் சுவரில் தலையைச் சாய்த்தார். "எழுதிக்குங்க. எனக்குப் பேனா பிடிக்கத் தெம்பில்ல."

"இதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாமே மேடம். நீங்க வீட்டுக்குப் போய் நிதானமா..."

"அப்புறம் இத நான் தொட மாட்டேன். எழுதிக்குங்க."

பதிப்பாசிரியர் பேனாவைத் திறந்தார். எழுத்தாளர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"மழை வந்தது. ஊரே நனைந்தது. அவன் தாய் வாசலில் வந்து நின்று, முதல் துளி யார் வீட்டுக் கூரையில் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். முற்றுப்புள்ளி. அவ்வளவுதான் சார்."

பதிப்பாசிரியர் எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தார். எங்கேயோ ஒருத்தி பிள்ளையைப் பறிகொடுத்தால்தான் இங்கே இவர் பிள்ளை பிழைப்பான். முகம் தெரியாத அந்தத் தாயை நினைத்துத்தான் இந்த வரி வந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டார். இந்த நேரத்திலும் இன்னொருத்தியை நினைக்கத் தோன்றுகிறதே இவருக்கு.

கதவைத் திறந்துகொண்டு இரண்டு டாக்டர்கள் வந்தார்கள். பெரியவர் குரலைத் தாழ்த்தி, "ரெண்டாவது டெஸ்டும் பண்ணியாச்சு. காலையில பாத்த மாதிரியேதான் இருக்கு," என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார்.

கணவர் சட்டையை மடியில் வைத்துவிட்டு, பதிப்பாசிரியரிடம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எழுத்தாளரும் போட்டார். வெகுதூரம் நடந்து வந்தவர்கள் போல இருவருக்கும் மூச்சு வாங்கியது. டாக்டர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு கணவரின் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

அரை மணி நேரம் ஆயிற்று. பதிப்பாசிரியருக்குக் கிளம்பவும் மனமில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. பக்கங்களைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தார்.

லிஃப்ட் கதவு திறந்தது. பச்சை உடுப்புப் போட்ட நாலு பேர், நீல நிறப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். யாரையும் பார்க்காமல் நேரே உள்ளே போனார்கள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

பதிப்பாசிரியர் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார். மடியிலிருந்த தாள்கள் தரையில் சரிந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"வந்துடுச்சு மேடம். இதயம் வந்துடுச்சு. இனிமே தம்பிக்கு ஒண்ணும் ஆகாது."

கணவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எழுத்தாளர் மட்டும் நிமிர்ந்து, விவரம் தெரியாத குழந்தையைப் பார்ப்பதுபோலப் பதிப்பாசிரியரைப் பார்த்தார். பிறகு அவர் கையைப் பிடித்து மெல்ல உட்காரவைத்தார்.

"அது காலிப் பெட்டி சார். எடுத்துட்டுப் போகத்தான் வந்திருக்காங்க."