கப்பல் திரும்பிய படம்

இன்றைக்குத் தூங்கவே கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டுதான் பேக்கரிக்காரி ஒயின் பாட்டிலைத் திறந்தாள்.

கார்க் பாதியில் உடைந்து உள்ளே விழுந்தது. இதெல்லாம் அவள் கணவர் பார்த்துக்கொண்ட வேலை.

அவர் ஒயின் கடை வைத்திருந்தவர். ஞாயிறு மதியம் கடையைச் சாத்திவிட்டு, பிரான்சின் தெற்குப் பக்கத்துச் சிவப்பு ஒயின் ஒன்றைக் கொண்டுவருவார். நல்ல வெயிலில் பழுத்த திராட்சை. முகர்ந்தால் மிளகு வாசம். கொஞ்ச நேரம் காற்றாட வைத்துவிட்டுத்தான் ஊற்றுவார். தொட்டுக்கொள்ள ஆலிவ் காய் போட்டு நிதானமாக வேகவைத்த ஆட்டுக்கறியும், அவள் சுட்ட ரொட்டியும். அப்புறம் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம்.

பாவம், ஒரு படத்தைக்கூட அவள் முழுசாகப் பார்த்ததில்லை. விடியுமுன் எழுந்து மாவு பிசைகிறவள். இரண்டாவது கிளாஸ் உள்ளே போனதும் தலை அவர் தோளில் சாய்ந்துவிடும்.

கண் விழித்ததும் கேட்பது ஒன்றுதான்.

"கடைசியில என்னங்க ஆச்சு?"

அவர் கையைக் காலை ஆட்டி நடித்தே காட்டுவார். பிரிந்தவர்கள் சேர்ந்திருப்பார்கள். சாகக் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்து சூப் கேட்டிருப்பான். பழைய படம் என்றாலே நல்லபடியாகத்தான் முடியும் என்று ரொட்டி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அவள் அடித்துச் சொல்வாள்.

அப்படிப்பட்ட மனுஷர், எந்த நோயும் இல்லாதவர், இப்படித் திடுதிப்பென்று போய்விட்டாரே என்று சொல்லிச் சொல்லி அழுது ஓய்ந்திருந்தாள்.

அவர் இல்லாத முதல் படம் இது. துணைக்கு நாத்தனார் வந்திருந்தாள். அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஜோடி பாட்டிலில் மிச்சமிருந்த ஒன்றைத்தான் இப்போது திறந்திருந்தாள். படமும் அவளுக்கு ரொம்பப் பிடித்த கப்பல் படம்தான்.

கிளாஸில் மிதந்த கார்க் தூளை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தாள். தூக்கம் கிட்டேயே வரவில்லை.

திரையில் கதாநாயகன் மூச்சிரைக்கத் துறைமுகத்துக்கு ஓடிவந்தான். அவன் காதலி ஏறிய கப்பல் கிளம்பிவிட்டிருந்தது.

"இப்ப பாரேன், கப்பலையே திருப்பிடுவாங்க!" என்று நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கப்பல் திரும்பவில்லை. சின்னதாகிக்கொண்டே போய்க் காணாமல் போனது. அவன் நின்றுகொண்டே இருந்தான். படம் முடிந்துவிட்டது.

"கப்பல் எங்க அண்ணி திரும்பும்? இந்தப் படம் எப்பவும் இப்படித்தானே முடியும்?" என்றாள் நாத்தனார்.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடப்பாவி மனுஷா! இத்தனை வருஷமாக அவிழ்த்துவிட்டதெல்லாம் சொந்தச் சரக்கா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செத்தவரை இன்னொரு முறை கட்டிக்கொள்ளலாம் போல ஆசையாக இருந்தது.

அப்புறம்தான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது.

போன வருஷம். அவருக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறதென்று காட்டப் போயிருந்தார்கள். டாக்டர் அறைக்கு வெளியே நாற்காலியில் அவள் தூங்கிப்போயிருந்தாள். அவர் தனியாக உள்ளே போய்விட்டு வந்து, தோளைத் தட்டி எழுப்பினார். அவளும் பழக்கதோஷத்தில் அதையேதான் கேட்டாள், கடைசியில என்னங்க ஆச்சு என்று.

"ஒண்ணுமே இல்லியாம், தூங்குமூஞ்சி. டாக்டரு சிரிச்சுக்கிட்டே அனுப்பிட்டாரு," என்று, டாக்டர் கை குலுக்கியதைக்கூட நடித்துக் காட்டினார்.

அன்றைக்கு மாலைதான் ஜோடியில் முதல் பாட்டிலைத் திறந்தார். அவள் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு, அவர் தோளில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கினாள்.