மூன்றாம் அடி

"மூணாவது அடியில தளை தட்டுது. திருப்பி அனுப்ப வேண்டியதுதான்" என்றாள் மனைவி, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே.

எதிரில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கணவரின் கத்தி நின்றது. அவர் பம்பு மெக்கானிக். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அவளோ கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுப்பவள். ஒரு மாத இதழுக்கு வரும் வெண்பாக்களை வீட்டில் வைத்துச் சரிபார்த்தும் கொடுப்பாள். எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு, டைப் செய்துதான் அனுப்புவார்கள். இலக்கணம் பிசகினால் மூன்று வருடமாக அவள் யாருக்கும் சலுகை காட்டியதில்லை.

இன்று வந்திருந்தது, மழை விட்ட காலையைப் பற்றிய வெண்பா. இடறிய இடத்தை மட்டும் வாசித்துக் காட்டினாள்.

"குட்டையில் குருவி குளிக்க..."

கேட்க நன்றாகத்தானே இருக்கிறது, கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதியிருக்கிறான் என்று அவர் பரிந்து பேசினார். மற்ற மூன்று அடிகளும் சரியா என்று இரண்டு தடவை கேட்டார். சரிதான் என்றாள்.

"அப்புறம் குருவி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

அவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, மேசையில் விரலால் தட்டிக் காட்டினாள். குட்-டை-யில் என்று மூன்று தட்டு விழுந்தால், அடுத்த சொல் நேரசையில் தொடங்க வேண்டும். 'குரு' என்று இரண்டு குறில் சேர்ந்து வந்தால் அது நிரையசை. ஓசை அங்கே தடுக்கி விழுகிறது. அதே குருவிக்கு, அழுத்தித் தொடங்குகிற வேறு பெயர் வேண்டும்.

அவருக்குப் பிடிபடவில்லை. மறுபடி சொன்னாள். அதற்கும் மறுபடி. வகுப்பில்கூட அவளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அவர் கத்தியை வைத்துவிட்டுத் தானும் தட்டிப் பார்த்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு தலை நிமிராமலே கேட்டார்.

"சிட்டுன்னு போட்டா?"

கல்யாணமான புதிதில் அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். பிள்ளைகள் வளர வளரக் கூச்சப்பட்டு விட்டுவிட்டார்.

"குட்டையில் சிட்டு குளிக்க" என்று அவள் மெல்லத் தட்டிப் பார்த்தாள். எங்கும் இடறவில்லை.

"சரியா உக்காருதுங்க" என்றாள்.

அவர் பீன்ஸை வாரி எடுத்துக்கொண்டு அவசரமாகச் சமையலறைக்குள் போய்விட்டார்.

அவள் தாளில் அந்தச் சொல்லை மாற்றினாள். பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி, உறைக்குள் வைத்து ஒட்டினாள்.

'பிரசுரிக்கலாம். திருத்தம் என்னுடையதல்ல, எழுதியவரே செய்து கொடுத்துவிட்டார்.'