ஏழாம் இடத்துப் புள்ளி

கணினிக்குள் எல்லாருக்கும் நினைவகத்தில் இடம் பிரித்துக் கொடுப்பது கெர்னல்தான். அதனிடம் வீடியோ கார்டு ஆசையாகக் கேட்டது: "நம்ம கணினிக்குள்ளேயே புதுசா குடிவந்திருக்கிற விருந்தாளி சிஸ்டத்தோட வீட்டுக்கு என்னை அனுப்புவீங்களா?"

"அனுப்பலாம். ஆனா நீ வந்த அன்னிக்கே நினைவகத்துல ஏழாம் இடத்தை உன் பேருக்கு ஒதுக்கிட்டாங்களே. அதுல கிறுக்குற பழக்கத்தை மறந்துடுவியா?"

"மறந்தாச்சு!" என்றது கார்டு. சொல்லும்போதே அதன் கை ஏழாம் இடத்தில் ஒரு புள்ளியைக் கிறுக்கிவிட்டது.

கார்டுக்கு முகம் சுண்டிப்போனது. புது வீட்டிலும் இப்படிக் கிறுக்கினால், விருந்தாளி ஏழாம் இடத்தில் வைக்கும் சாமான் பாழாகிவிடுமே! இனி எங்கே அனுப்பப்போகிறார்கள்?

கெர்னல் திட்டவில்லை. விருந்தாளி வீட்டின் வரைபடத்தில் என்னவோ எழுதிவிட்டு, "சரி சரி, மூட்டையைக் கட்டு" என்றது.

புது வீட்டில் எவ்வளவு அடக்கியும் கார்டின் கை ஏழாம் இடத்துக்கே போனது. அங்கே யார் சாமானும் இல்லை. அதன் பழைய புள்ளிதான் இருந்தது. கெர்னல் அந்தப் பழைய ஏழாம் இடத்தையே இந்த வீட்டு வரைபடத்திலும் கார்டின் பேருக்கு எழுதி வைத்திருந்தது.