பிடிபடும் காட்சி

“ஓடு, வேண்டாங்கல. ஆனா தப்பிச்சிடாத தாமரை,” என்றார் டைரக்டர். “மாமரத்துக்கிட்ட வர்றப்ப வில்லன் உன் கையைப் பிடிச்சிடணும்.”

“நான் மெதுவாத்தான் சார் ஓடினேன்.”

“எது, இதுவா? கேமராவுக்கே நீ சிக்கலியேம்மா!”

லைட்காரர்கள் சிரித்தார்கள். கல்லூரி மைதானத்தில் தாமரைச்செல்வி பந்தய நாடாவை நெஞ்சால் அறுத்துக்கொண்டு வந்த படத்தைப் பத்திரிகையில் பார்த்துத்தான் சீரியலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஓடுவதற்குக் கிடைத்த முதல் காட்சி இதுதான். கடைசியும் இதுதான். பிடிபட்டதும் கதைப்படி அவளை ஓர் அறையில் பூட்டிவிடுவார்கள். ரேட்டிங் இருக்கும்வரை உள்ளேதான். படப்பிடிப்பு நடக்கும் பங்களாவின் மாடியில் அந்த அறை தயாராகிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே வானத்தைப் பலகையில் வரைந்து நிறுத்தியிருந்தார்கள்.

மறுபடி ஓடினாள். மெதுவாக, இன்னும் மெதுவாக என்று தனக்குள் சொல்லிக்கொண்டே ஓடினாள். மாமரம் வந்தது. பின்னால் செருப்புச் சத்தம் நெருங்கியதும் கால்கள் அவளைக் கேட்காமலே நீண்டன. மரம் பின்னால் போயிற்று.

வில்லனாக நடிக்கும் கோதண்டம் புல்லில் உட்கார்ந்துவிட்டார். ஒட்டுமீசை வியர்வையில் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அவள் தண்ணீர் பாட்டிலோடு வந்து குனிந்தாள்.

“எனக்குப் பதிலா வேற ஆளைப் போடலாமான்னு போன்ல பேசிட்டிருக்காங்க பாப்பா,” என்றார் மூச்சு வாங்கியபடி. “எனக்கு இருக்கிறது இந்த ஒரு சீரியல்தான். இந்தத் தடவை மட்டும், மரத்துக்கிட்ட கொஞ்சம் நின்னுடேன்.”