வலது கண்ணின் சம்மதம்

மரக்காணம் உப்பளத்தில் லூர்துமேரிக்கு இருக்கிற வாய் வேறு யாருக்கும் கிடையாது. அன்றைக்கு மேஸ்திரி வெங்கடாசலம் அவள் குடிசைக்கே வந்து கெஞ்சிவிட்டார்.

"இன்னிக்கு ஒரு நாளாவது வாயை மூடிக்கிட்டு இரு மேரி. ஒரு பொண்ணோட கல்யாண விஷயம். கெட்டுதுன்னா அந்தப் பாவம் உனக்குத்தான்."

லூர்துமேரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். உப்பும் வெயிலுமாகச் சேர்ந்து அவள் புருஷன் சவரிமுத்துவின் வலது கண்ணைக் கெடுத்துவிட்டன. போன வருஷம் ஆஸ்பத்திரியில் இறந்துபோன ஒருவரின் கண்ணை எடுத்து அவருக்கு வைத்தார்கள். இறந்தவர் பிரம்மதேசம் தனகோடி. யார் கண் யாருக்குப் போனது என்று வெளியே சொல்லக்கூடாதுதான். வார்டுபாய் சொல்லிவிட்டான்.

அதிலிருந்து தனகோடியின் சம்சாரம் திரௌபதி மாதம் தவறாமல் பஸ் ஏறி வந்துவிடுவாள். சவரிமுத்து அவளுக்கு அண்ணன் முறை. அவருடைய வலது கண் மட்டும் வீட்டுக்காரர்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. நான் அவர்கிட்ட பேசணும்" என்பாள். அப்புறம் வலது கண்ணைப் பார்த்து, "ஏங்க, நம்ம மாடு கன்னு போட்டிருக்குதுங்க" என்று ஆரம்பிப்பாள்.

ஒரு நாள் சவரிமுத்து சாப்பிடும் நேரத்தில் வந்தவள் பதறிவிட்டாள்.

"அண்ணே, அவருக்குக் கருவாடு ஆகாது! வலது கண்ணை மூடிக்கிட்டு சாப்பிடுங்க!"

சவரிமுத்துவும் மூடிக்கொண்டுதான் சாப்பிட்டார்.

அவள் வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் அதை முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கண்தான். அதனால் தெருமுனையில் வரும்போதே, "அண்ணே, துண்டைக் கட்டுங்க!" என்று குரல் கொடுப்பாள். சவரிமுத்து ஓடிப்போய் இடது கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்காருவார். புதுக் குடை வந்தது. பரங்கிக்காய் வந்தது. ஒருமுறை சேவல் வந்தது. பஸ்ஸில் அதற்கு அரை டிக்கெட் கேட்டார்களாம். எது வந்தாலும் சவரிமுத்து ரசித்து நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லி அனுப்புவார். தங்கமான மனுஷன்.

லூர்துமேரிக்குத்தான் பொறுக்காது. "வந்துட்டா பாரு, கழுத்துல ஒரு எறகு இல்லாத சேவலைத் தூக்கிக்கிட்டு!" என்று பின்னாலிருந்து கத்துவாள். திரௌபதி ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. அடுத்தவள் புருஷனையா கேட்கிறாள்? பாவம், அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு கண்.

இன்றைக்கு வருவது மாப்பிள்ளை. திரௌபதியின் மகள் அம்சவள்ளிக்கு இரும்பை ஊரிலிருந்து வந்த வரன். பெண்ணுக்குப் பிடித்திருக்கிறது, பையனுக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் திரௌபதி, "அவர் பாத்து சரின்னு சொன்னாத்தான் தட்டு மாத்துவேன்" என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

"அண்ணே, துண்டு!"

சவரிமுத்து கட்டிக்கொண்டார். மாப்பிள்ளையை எதிரே கொண்டுவந்து நிறுத்தினார்கள். அம்சவள்ளி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, நல்லா பாத்துக்குங்க. மாப்பிள்ளை எப்படி இருக்காரு?"

சவரிமுத்து தொண்டையைச் செருமினார். துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"பிடிக்கலீங்களா?"

"அப்படி இல்ல தங்கச்சி..." என்று இழுத்தார். அவருக்கு வியர்த்தது. அவரைப் பார்த்து மாப்பிள்ளைக்கும் வியர்த்தது.

"ஏதாச்சும் குறை தெரியுதுங்களா? வாயைத் தொறந்து சொல்லுங்க."

"அது வந்து..."

திரௌபதி மகள் கையைப் பிடித்துவிட்டாள். "அவருக்குப் பிடிக்கல. வாடி அம்சா, போலாம்."

அம்சவள்ளி அழ ஆரம்பித்தாள். லூர்துமேரி மேஸ்திரியைப் பார்த்தாள். மேஸ்திரி உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அவ்வளவுதான், அவள் வெடித்துவிட்டாள்.

"இவனுக்காடி அழுவுற? பனமரத்துல பாதி உசரம், அதுக்கு மாந்துளிர் கலர்ல ஒரு சட்டை! காதுக்குக் கீழ கிருதா! பெல்பாட்டம் பேண்டைப் பாரு, நாலு நடை நடந்தா உப்பளத்தையே கூட்டிடும்! பயத்துல இளிக்கிறான், அதுலயும் கன்னத்துல குழி வேற!"

"ஐயையோ!" என்று மேஸ்திரி தலையில் கை வைத்தார். மாப்பிள்ளை பேண்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

சவரிமுத்துவின் முகம்தான் தெளிந்தது.

"பிடிக்கலைன்னு யாரு தங்கச்சி சொன்னது? நல்ல உசரமான புள்ள. சட்டை கலர்கூட எடுப்பா இருக்குது. அந்தக் கன்னத்துக் குழியைத்தான் பாத்துக்கிட்டே இருந்துட்டேன். தாராளமா தட்டு மாத்து."

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் அவர் என் கன்னத்துக் குழியைத்தான் பாத்துக்கிட்டே இருந்தாருங்க!" என்று திரௌபதி ஓவென்று அழுதாள். சந்தோஷம் தாங்காத அழுகை அது. மாப்பிள்ளை பேண்டை விட்டுவிட்டு வலது கண்ணைக் கும்பிட்டார்.

எல்லாரும் பஸ்ஸுக்குப் போனதும் மேஸ்திரி பாய்ந்தார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கேட்டியா? நல்ல காரியத்துல வந்து நின்னுக்கிட்டு இப்படியா கத்துவ? அரை மணி நேரம் வாயை மூட முடியாதா உனக்கு?"

லூர்துமேரி புருஷன் தலையிலிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

"மூடினேனே, இவரு முழிச்சதைப் பாத்தீங்கல்ல? வெச்ச கண்ணு நல்ல கண்ணுதான், உள்ள இருக்கிற இவரோட நரம்பு செத்துப்போச்சு, அந்தக் கண்ணுல இனிமே ஒண்ணும் தெரியாதுன்னு கட்டு அவிழ்த்த அன்னிக்கே டாக்டரு சொல்லிட்டாரு. நான் கத்தலைன்னா இவரு எதைப் பாத்து மாப்பிள்ளையைப் புகழுறது? இல்ல, நீங்களே போயி அந்தப் பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்றீங்களா, மேஸ்திரி?"