மாமாவுக்கு ஒரு பிரசங்கம்

“காது சுத்தமா கேக்காத மாமா, ஞாயித்துக்கிழமை தவறாம ஜெபக்கூடத்துக்குப் போய் என்னதான் பண்றார்? வழியில வண்டி ஹாரன்கூடக் கேக்காதே!” என்றாள், கல்யாணமாகி வந்து பத்தே நாளான மருமகள்.

“கூடப் போய்த்தான் பாரேன்” என்றான் கணவன்.

நோட்டும் பேனாவுமாகப் போனாள். பிரசங்கத்தை எழுதிக் காட்டினால், எவ்வளவு விட்டுப்போகிறதென்று மாமனாருக்கே புரியும். பிறகு வீட்டோடு இருப்பார்.

வெள்ளையடித்த நாலு சுவர். மரப் பெஞ்சுகள். சிலுவையில்லை, மேடையில்லை. நாற்பது பேர் கண்மூடி அமர்ந்தார்கள். போதகர் வரட்டுமென்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டாள். யாரும் வரவில்லை, யாரும் வாய் திறக்கவுமில்லை. முதலில் கடிகாரம் கேட்டது. அப்புறம் அவள் மூச்சு. அப்புறம் அதுவும் கேட்காமல் போய், ஏனென்று தெரியாமலே உடம்பு சிலிர்த்தது.

ஒரு மணி நேரம் கழித்து எல்லோரும் கைகுலுக்கி எழுந்தார்கள்.

“வாராவாரம் இப்படித்தானா?” என்றாள் பக்கத்திலிருந்த அம்மாளிடம், மெல்ல.

“எங்க ஜெபமே இதுதாம்மா. பேசாம உக்காந்திருக்கறது.”

மாமனார் நோட்டை வாங்கி, வெற்றுப் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“நான் எதையாவது விட்டுட்டேனாம்மா?”