இரண்டு கண்ணும் கறுப்பு

"இஞ்சருங்கோ, வடிவாப் பாருங்கோ. ரெண்டு கண்ணும் கறுப்புத்தானே?"

முல்லைத்தீவு ஸ்டூடியோ வாசலில் படத்தை வெயிலுக்குப் பிடித்தபடி புனிதம் கணவனைக் கேட்டாள். படத்தில் அவர்களுடைய எட்டு மாத மகள் ஜோசப்பின் இருந்தாள்.

"கறுப்புத்தானப்பா. எத்தினை தரம் கேப்பாய்?" என்றான் மரியநேசன்.

அவள் கேட்காமல் என்ன செய்வாள், பாவம்! போன மாதம்தான் மூன்று வயது மூத்தவனுடைய இடது கண்ணைக் கொழும்பில் எடுத்தார்கள். கண்ணுக்குள் புற்றுநோய். சின்னவளுக்கும் இருக்கலாம், உடனே கொண்டுவந்து காட்டுங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். இந்த நோய் உள்ள கண், படம் எடுக்கும் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் வெள்ளையாக மின்னும் என்றும் சொன்னார்.

கொழும்புப் பயணம் லேசா? வழி நெடுக ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து, சோதனைக்கு ஆட்களை இறக்கி ஏற்றுகிறார்கள். "முதல்லை ஒரு படம் எடுத்துப் பாப்பம். வெள்ளை தெரிஞ்சாப் போவம்" என்பது மரியநேசனுடைய யோசனை.

"பரம்பரையா வாறதெண்டு டொக்டர் சொன்னவரெல்லே? உங்கடை பக்கத்தாலையோ, என்ரை பக்கத்தாலையோ? எங்கடை ஆக்கள் ஒருத்தருக்கும் இல்லையே. எனக்கு ஒண்டுமே விளங்கேல்லை" என்றாள் புனிதம்.

"உடம்புக்குள்ளை ஜீன் எண்டு ஒரு சாமான் இருக்காம். அது ஒரு புரதத்தைச் செய்யுமாம். உடம்பிலை உள்ள சின்னச் சின்னக் கலங்கள் கண்டபடி பெருகாமல் அந்தப் புரதம்தான் பிரேக் மாதிரிப் பிடிச்சு வைச்சிருக்குமாம். ஜீன் பழுதெண்டா கண்ணுக்குள்ளை கட்டி வளருமாம். ரெண்டு வரியத்துக்கு முன்னம், எண்பத்தாறிலைதான் அந்த ஜீனைக் கண்டுபிடிச்சவையாம்."

"அப்ப எங்கடை பிள்ளை பிரேக் இல்லாமலே மூண்டு வரியம் வளந்தவனோ?"

"எனக்கென்ன தெரியும்? நான் டொக்டரே?"

புனிதம் மறுபடியும் படத்தைப் பார்த்தாள். இரண்டு கண்ணும் கறுகறுவென்று இருந்தன.

"இனி ஏன் கொழும்புக்கு அலையவேணும்? இவளுக்கு ஒண்டுமில்லை" என்றான் மரியநேசன்.

"மாதாவே!" என்று புனிதம் குழந்தையை இறுக்கி அணைத்துக் கொஞ்சினாள். சந்தோஷத்தில் அழுகை வந்தது. சொல்லிவிட்டுப் போகலாமென்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"வீரகத்தி அண்ணை, படம் நல்லா வந்திருக்கு."

படப்பிடிப்பாளர் வீரகத்தி பெருமையாகச் சிரித்தார்.

"ஃப்ளாஷ் பட்டு வலது கண் வெள்ளையா மின்னிப்போச்சு, தங்கச்சி. பாக்க வடிவில்லை. நான்தான் கறுப்பு மை வைச்சுச் சரியாக்கினனான்."